கோசுமெல் தீவில் ஒரு பகல்

கப்பல் மெக்சிகோவின் கோசுமெல் தீவில் ஒரு பகல்தான் நின்றது. பலரும் கடற்கரைக்குப் போக, நாங்கள் சாப்பாடும் சரித்திரமும் சேர்ந்த சுற்றுலாவுக்குப் போனோம்.

முதலில் சான் ஹெர்வாசியோ. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான மாயா மக்கள் இஷ்செல் என்ற பெண் தெய்வத்தை வணங்கிய இடம். பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் சிறு படகில் கடல் கடந்து இங்கே வருவார்களாம். 1519-இல் ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தேஸ் இந்தத் தீவில் இறங்கித் தெய்வச் சிலைகளை உடைக்கச் செய்தார். கேட்டதும் மனசு கனத்துவிட்டது.

அப்புறம் சாப்பாடு. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைக்கிறார்கள். அங்கே சமைத்த அம்மா மாவைத் தட்டிக் கல்லில் போட்டதும் தொர்த்தியா என்ற அந்த ரொட்டி பொசுக்கென்று உப்பியது. அதில் வைக்க கொச்சினீத்தா பிபில்: சிவப்பு நிறம் தரும் அச்சியோத்தே விதை விழுதும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் தடவி, வாழையிலையில் கட்டி வேகவைத்த பன்றிக்கறி. இலையைப் பிரித்ததும் வந்த வாசனை இருக்கிறதே, அப்படியே நம் வீட்டு வாசனை! தொட்டுக்கொள்ள ஹபனேரோ மிளகாய். ஒரு துளிக்கே காது வரை சுட்டது. நம் மிளகாய்க்கும் பூர்வீகம் மெக்சிகோ பக்கம்தான், போர்ச்சுகீசியர் மூலம் நம்மிடம் வந்தது.

கப்பலேறிய பிறகும் விரல் நுனியில் அச்சியோத்தேயின் சிவப்பு போகவில்லை.