வெப் செய்முறைப் பரீட்சை: ஒரே ஹேண்ட்லரைப் பல பட்டன்களுக்குக் கட்டுவது

பெறுபேறு வந்துவிட்டது, நல்ல சித்தி, இப்போதுதான் நிம்மதி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அடுத்ததாக எழுதப் போகிற தம்பி தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் உங்களுக்கு வரும், விடுங்கள். புள்ளி போகிற இடம் ஜாவாஸ்கிரிப்ட், அதிலும் நிறையப் பட்டன்களுக்கு ஒரே ஹேண்ட்லர், அதாவது பட்டனை அமத்தினால் ஓடும் ஃபங்ஷன், கேட்கும் கேள்வி.

எல்லாரும் குவெரிசெலக்டர்ஆல் போட்டுப் பட்டன்களை எல்லாம் எடுத்து, ஃபோர்ஈச் ஓட்டி, ஒவ்வொன்றிலும் ஆட்ஈவென்ட்லிஸனரால் ஹேண்ட்லரைக் கட்டுவார்கள். பிழையில்லை. ஆனால் அதே கேள்வியில் டேபிளில் புது நிரை சேர்க்கச் சொன்னால் அந்த நிரையின் பட்டன் அசையாது, ஃபோர்ஈச் ஓடிய நேரத்தில் அது பக்கத்திலேயே இல்லையே.

நான் பழகியது தோட்டத்துச் செக்ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களைப் பதியும் புத்தகத்தை, வைத்து. நிரைக்கு நிரை ஆளின் பெயர், கொழுந்து கிலோ, ‘பேர்’ (முழுநாள்), ‘அரைப்பேர்’ (அரைநாள்) என்று இரண்டு பட்டன். கைக்காசுக்கு (பேர் இல்லாமல் கிலோவுக்குக் கூலி) வருகிறவர்களைப் பிறகு சேர்க்க வேண்டும். லிஸனர், நிரைகளைச் சுற்றியிருக்கும் டிபாடியில் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பட்டனை அமத்தினாலும் கிளிக் மேலே ஏறி அங்கே வந்துவிடும். வந்ததும் டார்கெட்டை (கிளிக் நேரே பட்ட எலிமென்டை) அப்படியே நம்பாதீர்கள், பட்டனுக்குள் ஐகன் இருந்தால் டார்கெட் அந்த ஐகனாக இருக்கும். டார்கெட்டில் குளோசெஸ்ட் போட்டு, அதிலிருந்து மேலே தேடி, பட்டனைப் பிடியுங்கள், நல் வந்தால், அதாவது பட்டன் கிடைக்காவிட்டால், உடனே ரிட்டர்ன். ஆள் யாரென்பதை எச்டிஎம்எல்லில் டேட்டா- என்று எழுதி வைத்தால் டேட்டாசெட்டில் எடுக்கலாம்.

இது ஒன்று கைக்கு வந்தாலே பாதிப் பரீட்சை முடிந்த மாதிரி என்பேன். மற்றவை சுருக்கமாக:

- ஆட்ஈவென்ட்லிஸனருக்கு ஹேண்ட்லர் பெயரை மட்டும் கொடுங்கள். பின்னால் அடைப்புக்குறி போட்டால் அந்த நிமிஷமே ஓடிவிடும்.
- கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம் தருவதில் ஃபோர்ஈச் கிடையாது.
- ஃபோகஸ், பிளர் (ஒரு பெட்டிக்குள் வருவது, வெளியே போவது) ஈவென்ட்கள் கிளிக் மாதிரி மேலே ஏறாது. ஃபோகஸ்இன், ஃபோகஸ்அவுட் ஏறும்.
- லிஸனரைக் கழற்றவும் சொன்னால் கட்டிய அதே ஃபங்ஷனைத் திரும்பக் கொடுக்க வேண்டும், அதனால் அதற்குப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, மழை பிடித்தால் லயத்தில் கரண்டும் இருக்காது, அதனால் இரவில் கொப்பியில் பென்சிலால்தான் கோட் எழுதினேன். கம்ப்யூட்டர் இருந்தாலும் அப்படியே எழுதுங்கள், எடிட்டர் எடுத்துக் கொடுக்காமல் எழுதினால்தான் ஸ்பெல்லிங் மனதில் நிற்கும்.

பரீட்சகர் என் மேசைக்கு வந்து ஏன் ஒரே லிஸனர் என்று கேட்டார். விளக்கம் சொல்லாமல் ஒரு நிரையைச் சேர்த்து அதன் பட்டனை அமத்திக் காட்டினேன், சரி என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். நீங்களும் கலர், ஃபொன்ட் என்று இறங்குவதற்கு முன்னால் ஒரு நிரையைச் சேர்த்துக் கிளிக் பண்ணிப் பாருங்கள்.