எட்டு வினாடிக்குப் பிறகு

மாட்டுப் பொங்கல் சமயத்தில் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் ஜல்லிக்கட்டு வீடியோ ஓடும். அதற்கு அடுத்து கைப்பேசியில் தானாக வந்து விழுவது அமெரிக்க ரோடியோ: துள்ளும் காளைமீது ஒரு கையால் மட்டும் பிடித்து எட்டு வினாடி உட்கார்ந்திருக்கும் போட்டி. “எட்டு வினாடிதானே அண்ணே, கயிறுதான் இருக்கே, புடிச்சிக்கிட்டா போச்சு” என்பார்கள் தம்பிகள். அந்தக் கயிற்றைத் தெரிந்துகொண்டால்தான் காளைச் சவாரி வீரர் லேன் ஃபிராஸ்ட்டின் அருமை புரியும்.

நம் தோட்டத்து மாட்டுக்கு மூக்கணாங்கயிறு உண்டு. இழுத்தால் தலை திரும்பும். ரோடியோக் காளைக்கு அது கிடையாது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு தட்டையான பின்னல் கயிறு, அவ்வளவுதான். முடிச்சும் போடக்கூடாது. உள்ளங்கை மேலே பார்க்கும்படி பிடிக்குள் கையை நுழைத்து, கயிற்றின் வாலை உள்ளங்கைக்குக் குறுக்கே போட்டு, விரல்களை மூடி, மறு கையால் குத்தி இறுக்குவார்கள். கையுறையிலும் கயிற்றிலும் பைன் மரப் பிசின். சூடேறத் தேய்த்தால், பால்மரம் சீவிய கையில் பால் காய்ந்ததுபோல ஒட்டும். காளையின் நெஞ்சுக்குக் கீழே கயிற்றில் ஒரு கனத்த மணி தொங்கும். கையை விட்டதும் அந்தக் கனமே கயிற்றைக் கழற்றிக் கீழே தள்ளும்.

காளை துள்ளுவதற்காக விதையை இறுக்கிக் கட்டுகிறார்கள் என்று நம் பக்கம் ஒரு பேச்சு. அது தவறு. தொடைக்கு முன்னால், பின்வயிற்றைச் சுற்றிக் கட்டுவது மெத்தென்ற பருத்திக் கயிறு.

மறு கை காளைமீது பட்டால் மதிப்பெண் இல்லை. 100இல் பாதி வீரருக்கு, பாதி காளைக்கு. சாதுவான காளை வாய்த்தால் எவ்வளவு அழகாக உட்கார்ந்தும் பயனில்லை.

ஆபத்து இறங்கும்போதுதான். வலது கையால் பிடித்தவர் இடப்பக்கம் விழுந்தால் மணிக்கட்டு புரண்டு, பிடி முறுக்கிக்கொண்டு, கை மாட்டிக்கொள்ளும். அப்போது கால் தரையை விட்டுவிடக் கூடாது. காளையோடு கூடவே ஓடி, கயிற்றின் வாலைப் பிடித்து இழுக்க வேண்டும்.

ஃபிராஸ்ட் 1987இன் உலக வாகையாளர். ரெட் ராக் என்ற காளைமீது 309 முறை ஏறியும் ஒருவர்கூட எட்டு வினாடி தாங்கவில்லை. 1988இல் அவர் அதே காளையோடு ஏழு முறை மோதி, நான்கு முறை வென்றார்.

1989 ஜூலை 30, வயோமிங் மாநிலத்துச் செயென். வேறொரு காளைமீது எட்டு வினாடி முடிந்துவிட்டது, 85 மதிப்பெண். இறங்கிச் சேற்றில் விழுந்தவரின் முதுகில் காளை கொம்பை வைத்து அழுத்தியது. விலா எலும்புகள் உடைந்தன. எழுந்தார், நண்பர்கள் பக்கம் கையசைத்தார், அப்படியே சரிந்தார். வயது 25. ஜெயித்த சவாரியில் போன உயிர் அது. இன்றும் மனசு ஆறவில்லை.

அவருடைய கூட்டாளி கோடி லாம்பர்ட் அதன் பிறகுதான் அடியைப் பரப்பிவிடும் கவச மேல்சட்டையை உருவாக்கினார். தம்பிகள் பார்க்கும் வீடியோவில் வீரர்கள் சட்டைக்கு மேல் போட்டிருப்பது அந்த வழியில் வந்ததுதான். அது நெஞ்சையும் முதுகையும் காக்கும். கழுத்துக்கும் தலைக்கும் அதில் இடமில்லை.