அனுமதி கிடைக்க ஐந்து மாதம்

சீனி வியாதிக்கு எங்கள் அப்பாயி பாகல் இலையை இடித்துச் சாறு குடிப்பார். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்தில் அதைப் பார்த்து வளர்ந்த நான், முதுதத்துவமாணி ஆய்வுக்கு வேறு தலைப்புத் தேடவில்லை. கண்டிக்கு வந்து, வெள்ளை எலிகளில் சோதிக்க விலங்கு நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பித்தேன். ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்தது ஐந்து மாதம் இழுத்தது.

முதல் தடவை எண்ணிக்கையால் திரும்பி வந்தது. 5 குழு, குழுவுக்கு 10, மொத்தம் 50 எலி என்று எழுதியிருந்தேன். ஏன் 10? முன்பு யாரோ அப்படிச் செய்திருந்தார்கள் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. மேற்பார்வையாளர் ஓர் எளிய கணக்குச் சொல்லித்தந்தார்: மொத்த எலிகளில் குழுக்களின் எண்ணிக்கையைக் கழித்தால் 10க்கும் 20க்கும் இடையில் நிற்க வேண்டும். எனக்கு 45 வந்தது. குழுவுக்கு 5 எலி வைத்தால் 20. அப்படியானால் மீதி 25 உயிரை எதற்குக் கேட்டேன்? எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்புறம், எலியே இல்லாமல் எவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்று கேட்டார்கள். மாப்பொருளை உடைக்கும் நொதியைச் சாறு தடுக்கிறதா என்பதைச் சோதனைக் குழாயிலேயே பார்க்கலாம். மூன்று விதமாக எடுத்த சாற்றில் ஒன்றுதான் தேறியது. விலங்குச் சோதனைக்கான நெறிகளாக 1959இல் ரசலும் பர்ச்சும் எழுதிய மாற்றீடு (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (குறைந்த எண்ணிக்கை), மேம்படுத்தல் (குறைந்த வேதனை) மூன்றையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவள்தான் நான். விண்ணப்பம் எழுதும்போது ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது கடைசிக் கேள்வி: ஒரு எலியை எந்த நிலையில் ஆய்விலிருந்து எடுப்பீர்கள்? "28 நாள் முடிந்ததும்" என்று எழுதியிருந்தேன். அது பதிலே இல்லை. தோட்டத்துக்குப் போனபோது அம்மாவும் இதைத்தான் கேட்டார்: "ஏம்புள்ள, அதுங்களுக்கு வலிக்காதா?" வலிக்கும், அம்மா. எலிக்குச் சீனி வியாதி வரவைக்கப் போடும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி, இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கும். எலி ஓயாமல் தண்ணீர் குடிக்கும், ஓயாமல் சிறுநீர் போகும். மலைக் குளிரில் ஈரமான மரத்தூளில் அது படுத்திருக்க வேண்டும். அதனால் நாளுக்கு இரண்டு தடவை மரத்தூள் மாற்றுவது, தினமும் நிறுப்பது, எடை 20 சதவீதம் குறைந்தால் அன்றே நிறுத்துவது என்று திருத்தி எழுதினேன். சரி என்றார்கள்.

19ஆம் நாள் காலை ஒரு எலி கூண்டின் மூலையில் ரோமம் சிலிர்த்துக் கூனிக் கிடந்தது. கண்ணோரம் செந்நிறக் கறை. அது இரத்தமில்லை, எலி வேதனைப்படும்போது கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து கசியும் நிறமி. 240 கிராம் இருந்தது 190க்கு இறங்கியிருந்தது. இன்னும் 9 நாள்தானே என்று மனம் சொன்னது. கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டேன். மயக்க மருந்து ஏறி உடம்பு தளரும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

ஆய்வேட்டின் அட்டவணையில் அந்தக் குழுவுக்கு நேரே 4 என்று இருக்கிறது. ஏன் 4 என்று கீழே ஒரு பந்தி எழுதியிருக்கிறேன்.