அம்மாவின் கண் உயரத்தில் ஒரு யன்னல்

பறவை பார்க்கிற ஒரு மரக்கொட்டிலுக்குள் நின்று கண் கலங்குவேன் என்று நான் நினைத்ததே இல்லை. லண்டனில் பார்ன்ஸ் பகுதியில் இருக்கும் லண்டன் வெட்லண்ட் சென்டர் என்ற ஈரநிலப் பறவைப் பூங்காவுக்கு அம்மாவை வீல்செயாரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போயிருந்தேன். கதவைத் திறந்து உள்ளே போனால் சுவர் நீளத்துக்கு யன்னல்கள். நிற்கிற ஆட்களுக்கு உயரமாகச் சில, பக்கத்திலேயே தாழ்வாக ஒன்று. அந்தத் தாழ்ந்த யன்னலுக்குக் கீழே வாங்கு போடாமல், கதிரையின் முன்சில்லும் இருப்பவரின் முழங்காலும் உள்ளே போக இடம் விட்டிருந்தார்கள். நான் பிரேக்கைப் போட்டு நிமிர முன்னமே அம்மா தண்ணீரைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இருந்து பார்க்கிற ஒருவரின் கண் எந்த உயரத்தில் இருக்கும் என்று யாரோ ஒரு தச்சன் அளந்திருக்கிறான், அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

அம்மா இலங்கையில் மன்னார்ப் பக்கத்து வங்காலைக்காரி. கடலும் களப்பும் கண்ணில் படாமல் ஒரு நாள் போனதில்லை அவருக்கு. இங்கே வந்த பிறகு முழங்கால் இரண்டும் மோசமாகி, வீட்டுக்குள் பொல்லுப் பிடித்து நடப்பதோடு சரி. முன் வீட்டுக் கூரையும் திங்கட்கிழமை குப்பை எடுக்க வரும் லொறியும்தான் அவர் கண்ட லண்டன். "இஞ்ச ஒருத்தரும் ரோட்டில நிண்டு கதைக்கிறேல்லையோ?" என்று கேட்பார். வீல்செயார் எடுப்போம் என்றால் கோபம் வரும், "நான் என்ன வருத்தக்காரியே?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அதனால் வெளியே போவதென்றால் முதலில் படிகளைப் பற்றி விசாரிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. எத்தனை படி, பிடிக்கக் கம்பி இருக்கா, கழிவறை எந்தத் தட்டில். இந்த இடத்துக்குப் பஸ்ஸில் போகலாம், ஏறும் இடத்தில் பஸ் சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். வாசலில் வீல்செயார் இரவல் தருகிறார்கள், காசு இல்லை. டிக்கெட் கொடுக்கும் பிள்ளை என்னைப் பார்த்து, நீங்கள் அம்மாவுக்கு உதவியாகத்தானே வந்தீர்கள், அப்படியென்றால் உங்களுக்குக் கட்டணம் கிடையாது என்றாள். அம்மா சுற்றிப் பார்த்தார். அவர் வயதுக்காரர் இரண்டு மூன்று பேர் போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு கதிரையில் உருண்டு போனார்கள். ஒன்றும் பேசாமல் வந்து இருந்துவிட்டார்.

பாதைகள் முழுக்கச் சமதரை. தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்காது, இருப்பவருக்கு இடுப்பு குலுங்காது. முழங்கால் நோகும் தாய் தகப்பனை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, குளிர் போகட்டும் கோடை வரட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மார்கழி தையிலேயே கூட்டிக்கொண்டு போங்கள். வாத்துகள் அப்போதுதான் வந்திருக்கும். கையுறை, தடித்த போர்வை, பிளாஸ்கில் தேத்தண்ணி. நாலு மணிக்கே இருண்டுவிடும் என்பதால் காலையில் போவது நல்லது.

இவ்வளவு நாணலும் தண்ணீருமாக இருக்கும் இந்த இடம் இயற்கையாக அமைந்தது இல்லை. விக்டோரியா காலத்தில் குடிதண்ணீர் தேக்கக் கட்டிய நான்கு நீர்த்தேக்கங்கள், தேவை முடிந்து சும்மா கிடந்தவை. கொங்கிறீட்டை உடைத்து, மண்ணை அள்ளிக் கொட்டி, குளமும் திட்டும் சேறுமாக மாற்றி 2000ஆம் ஆண்டில் திறந்தார்கள். 40 ஹெக்டேயருக்கு மேல் வரும். இதை நடத்தும் அறக்கட்டளையை 1946இல் தொடங்கிய பீட்டர் ஸ்கொட், தென்துருவத்துக்குப் போய்த் திரும்பி வராத கப்டன் ஸ்கொட்டின் மகன். பனியில் செத்துக்கொண்டிருந்த தகப்பன், இரண்டு வயது மகனுக்கு இயற்கையில் விருப்பம் உண்டாக்கு என்று மனைவிக்குக் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அங்கே இருக்கும் பீட்டர் ஸ்கொட்டின் சிலையடியில் நின்று இதைச் சொன்னபோது அம்மா, "அந்தத் தாயைச் சொல்ல வேணும்" என்றார். வளர்த்தெடுத்தது அவதானே என்று அவருக்கு.

அப்புறம்தான் அந்தக் கொட்டில். யன்னலுக்கு நேரே, புல் மேட்டில் ஒரு வாத்துக் கூட்டம் தலை நிமிராமல் மேய்ந்துகொண்டிருந்தது. சிவந்த தலை, நெற்றியில் இருந்து உச்சி வரை வெண்சந்தனம் இழுத்தமாதிரி ஒரு பட்டை, சாம்பல் உடம்பு. குட்டையான நீல அலகால் புல்லைக் கடித்துக் கடித்து இழுக்கும் சத்தம்கூடக் கேட்கும்போல அவ்வளவு கிட்ட. திடீரென்று ஒன்று தலையைத் தூக்கி, சீட்டி அடிப்பதுபோல் நீட்டி ஒரு குரல் கொடுத்தது. அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "பிள்ளை, இது எங்கட வாத்தெல்லோ! மாரிக்கு வாறது!"

நாமத்தலை வாத்து. மன்னார்ப் பாலத்தால் பஸ் போகும்போது இரண்டு பக்கத் தண்ணீரிலும் ஊசிவால் வாத்துகளோடு கலந்து மிதக்குமே, அதே இனம். லண்டனுக்கு ஐஸ்லாந்து, ஸ்கண்டிநேவியா, ரஷ்யாப் பக்கமிருந்து வருகின்றன, எங்கள் களப்புக்கு வடக்கு ஆசியாவில் இருந்து. பறக்கும் பாதை வேறு, பறவைகளும் வேறு. அதை அம்மாவுக்கு விளக்கினேன், அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தொலைநோக்கியோடு நின்ற வயதான தொண்டர் ஒருவர் தாங்கியின் கால்களைச் சுருக்கி, கருவியை அம்மாவின் முகத்துக்கு நேரே இறக்கி வைத்தார். அவர் ஆங்கிலத்தில் இறகைப் பற்றிச் சொல்ல, அம்மா தமிழில், இதுகள் இரவில்தான் வயல் பக்கம் இறங்கும் ஐயா என்று சொல்ல, இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டு நெடுநேரம் கதைத்தார்கள். ரோட்டில் நின்று கதைக்க ஆள் இல்லை என்று கவலைப்பட்டவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார். நாமக்கோழியும் நீர்க்காகமும் சாம்பல் நாரையும் அவருக்கு முன்னமே அறிமுகம். தலைக்கு மேலே பச்சைக்கிளிகள் கீச்சிட்டுப் போனபோது, "கிளியும் வந்திட்டுதே?" என்று சிரித்தார். மூன்று தட்டுக் கோபுரம் ஒன்று உண்டு, அதற்கும் லிப்ட் வைத்திருக்கிறார்கள். மேலே போய்க் குளங்கள் முழுவதையும் ஒரே பார்வையில் பார்த்தார்.

இப்போது அடிக்கடி போகிறோம். எனக்கு இந்த ஊர் பிடிபட்டுவிட்டது, அம்மாவுக்கும் போக ஓர் இடம் உண்டு, இனி நாங்கள் லண்டன்காரர்தான் என்று நான் யாருக்காவது சொல்லத் தொடங்கினால், வாய் லண்டனைச் சொல்லும், மனம் வங்காலையில் புனித ஆனாள் கோவில் திருவிழாவுக்குக் கொடி ஏறுகிற நாளில் நிற்கும். கச்சான் கடலை மணம், அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்து பார்த்த பூநாரைக் கூட்டம், "கத்தாதை, கிளம்பிடும்" என்று அவர் காதுக்குள் சொன்னது. பார்ன்ஸில் நாணல் அசைந்தால் நான் இன்னும் பூநாரையைத்தான் தேடுகிறேன்.

எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. வங்காலைச் சரணாலயம் 4,800 ஹெக்டேயர் அளவில் பரந்தது, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் கரையில்தான் என் சின்னம்மாவின் வீடு. சண்டைக் காலத்தில் ஷெல் விழுந்து ஒரு காலை இழந்தவர். ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால் மணலில் புதையும், வீல்செயார் சில்லு அதைவிட மோசமாகப் புதையும், அதனால் வீட்டு விறாந்தையைத் தாண்டி அவர் களப்புப் பக்கம் போய் வருடக்கணக்காகிறது. எங்கள் மண்ணில் கால் போனவர்கள் எத்தனை பேர்! பாதை அவசியமாகத் தேவைப்படுகிற சனம் அங்கே இருக்கிறது, பாதை இங்கே இருக்கிறது. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கோவில் வீதி, ஆஸ்பத்திரி வாசல், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் இரண்டு படியாவது இருக்கும். தூக்கிவிட நாலு பெடியள் ஓடி வருவார்கள், அது உண்மை, அவர்கள் நல்ல பிள்ளைகள். ஆனால் சின்னம்மாவுக்குத் தூக்கப்பட விருப்பமில்லை.

போன தை மாதம் கொட்டிலுக்குள் இருந்தே அம்மா சின்னம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தார். இங்கே காலை பதினொரு மணி, அங்கே பின்நேரம் நாலரை. போனை யன்னலில் வைத்து வாத்துகளைக் காட்டினோம். தன் வளவுக்குப் பின்னால் மிதக்கிற அதே இனத்தை லண்டன் குளத்தில் பார்த்த சின்னம்மா, "நல்ல கொழுப்பா இருக்குதுகள்" என்றார். பிறகு, "எனக்கும் ஒரு பலகை போட்டுத் தாங்கோவன்" என்றார். பகிடியாகத்தான் கேட்டார், நான் பகிடியாக எடுக்கவில்லை.

பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். களப்பை முழுக்கச் சுற்றி ஒன்றும் கேட்கவில்லை. ரோட்டில் இருந்து தண்ணீர்க் கரை வரை படியில்லாத ஒரு பலகைப் பாதை, வீல்செயார் திரும்பக்கூடிய அகலத்தில், சில்லு வழுக்கி விழாமல் இரண்டு பக்கமும் விளிம்பு வைத்து. பறவைக்குத் தொந்தரவு இல்லாத இடம் எது என்று வனஜீவராசிகள் திணைக்களம்தான் சொல்ல வேண்டும், அவர்களுக்கும் ஒரு பிரதி போகும். பார்ன்ஸில் எடுத்த படங்களையும் இணைக்கிறேன். வங்காலை, நானாட்டான் பக்கத்து ஆட்கள் யாராவது வாசித்தால் கையெழுத்துப் போட வாருங்கள். முதல் கையெழுத்து சின்னம்மாவுடையது, இரண்டாவது அம்மாவுடையது.