தரவரிசைப் பட்டியலுக்கு முன் ஒரு குற்றாலச் சீசன்

2025ஆம் ஆண்டு தென்மேற்குப் பருவமழை வழக்கமான ஜூன் 1 வரை காத்திராமல் மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கிவிட்டதால், குற்றாலத்தில் சீசனும் முன்கூட்டியே களைகட்டியிருந்தது. திருநெல்வேலியில் இருப்பவர்களுக்கு இதை யாரும் தனியாக அறிவிக்க வேண்டியதில்லை. மாலையில் மேற்கேயிருந்து வரும் காற்றில் வெக்கை குறைந்தவுடனேயே, தென்காசிப் பக்கம் சாரல் விழுகிறது என்று தெருவில் பேச்சு எழுந்துவிடும். ஜூன் 2 அன்று பள்ளிகள் திறந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் முதன்முறையாக எங்கள் நால்வரையும் விட்டுவிட்டுப் பள்ளி திறந்த அந்த வாரத்தில்தான், கல்லூரிக்குப் போகுமுன் ஒருமுறை சேர்ந்து குற்றாலம் போய்வருவது என்று முடிவு செய்தோம்.

முடிவு செய்வது எளிதாக இருந்தது. அனுமதி வாங்குவதுதான் பெரும்பாடாகிவிட்டது. 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவன் ஒருவனை இழுத்துச் சென்றதை எங்கள் ஊரில் எந்தத் தகப்பனாரும் மறந்திருக்கவில்லை. நாலு பெண்பிள்ளைகள் தனியாகவா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. கடைசியில் இரண்டு நிபந்தனைகளின் பேரில் அனுமதி கிடைத்தது. பழைய குற்றாலத்துப் பக்கமே போகக்கூடாது. தோழி ஒருத்தியின் ஆச்சி கூட வர வேண்டும். மேலகரத்தில் அந்த ஆச்சியின் இளைய மகள், அதாவது தோழிக்குச் சித்தி, வீடு இருந்ததால் தங்குமிடக் கவலையும் தீர்ந்தது.

தோழிகளின் பெயர்களை எழுத வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டதால், அவரவர் விண்ணப்பித்திருந்த படிப்பைக் கொண்டே குறிப்பிடுகிறேன். ஆச்சியின் பேத்தி பொறியியல்காரி. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கூட்டி வரும் 200க்கான கட்-ஆஃப் அவளுக்குத் தன் பிறந்தநாளைவிட நன்றாக நினைவிருந்தது. தரவரிசைப் பட்டியல்தான் இன்னும் வெளிவந்திருக்கவில்லை. இரண்டாமவள் வேளாண்மைக்காரி. அவளுக்குக் கோயம்புத்தூர் வளாகத்தின் மீது ஆசை. அவள் வீட்டிலோ, வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளத்திலேயே இடம் கிடைத்துவிட வேண்டும் என்று குலதெய்வத்துக்கு நேர்ந்துகொண்டிருந்தார்கள். மூன்றாமவள் நீட் எழுதியவள். ஜூன் 14 அன்று முடிவு வந்த பிறகு அவள் எங்களிடம் மதிப்பெண்ணைச் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை. நான் திருநெல்வேலியிலேயே பி.ஏ. தமிழ் சேர்ந்து, கட்டணமும் கட்டியிருந்தேன். காத்திருக்க ஒன்றுமில்லாதவள் நான் ஒருத்திதான் என்பது பயணம் முழுவதும் எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருந்தது.

செங்கோட்டைக்குச் செல்லும் காலைப் பயணிகள் வண்டியில் ஏறினோம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று நின்று நின்று செல்லும் வண்டி. சீருடை அணிந்த பிள்ளைகள் ஒரு நிலையத்தில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் இடையே வண்டி தாமிரபரணியைக் கடக்கும்போது ஆச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழக்கடையம் நிலையம் வந்தபோது, பாரதியார் 1918 முதல் 1920 வரை தம் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் வாழ்ந்ததைச் சொல்லி, இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போகலாமே என்று கேட்டேன். "தமிழ் படிக்கப் போறவ நீ. உனக்கு மூணு வருசம் இருக்கு, நிதானமா வந்து பாரு" என்று வேளாண்மைக்காரி மறுத்துவிட்டாள். பாவூர்ச்சத்திரம் தாண்டியதும் மேற்கே மலை முழுவதையும் மேகம் மூடியிருப்பது தெரிந்தது. தென்காசியில் இறங்கும்போது தூறல். வெயிலும் கூடவே அடித்துக்கொண்டிருந்தது.

பேரருவிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் குளிக்கத் தடை விதித்திருந்தார்கள். அருவிக்கு முன்னால் உள்ள ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அன்று தண்ணீர் வெள்ளையாக விழவில்லை. காட்டு மண்ணைக் கரைத்துக்கொண்டு செம்மையாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலிருந்து விழும் சிற்றாறு முதலில் பாறையின் நடுவிலுள்ள பொங்குமாகடல் என்னும் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் அருவிக்கடியில் மனிதர் நிற்கவே முடியாது என்று ஆச்சி விளக்கினார். தணிந்த வேகமே இப்படியென்றால் தணியாத வேகம் எப்படி இருக்கும் என்று பொறியியல்காரி கணக்குப் போடத் தொடங்கினாள். கடைத்தெருவில் தேங்காய் எண்ணெய்யில் நேந்திரம் சிப்ஸ் பொரியும் வாசனையும் ஈரத்துணி வாடையும் கலந்து வந்தன. ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்திருந்தார்கள். நீட்காரி வாங்கிய மங்குஸ்தான் பொட்டலத்தை ஒரு குரங்கு பறித்துச் சென்று, கடைக்கூரையில் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சுளையைத் தின்றது. முடிவு வந்த நாளுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

தடையை எப்போது விலக்குவார்கள் என்று பெண் காவலர் ஒருவரிடம் கேட்டோம். "தண்ணி சொல்லணும்மா, நான் எப்படிச் சொல்ல" என்றார் அவர். ஐந்தருவியிலும் அதே நிலைமை என்று ஆட்டோக்காரர் சொன்னதால், மேலகரத்துக்குத் திரும்பிச் சித்தி வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட்டோம். அன்று பிற்பகல் முழுவதும் பேச்சு கலந்தாய்வைப் பற்றித்தான். எந்தக் கல்லூரியை முதல் விருப்பமாகப் போடுவது, எந்தப் பாடப்பிரிவுக்கு எவ்வளவு கட்-ஆஃப், விடுதியில் என்ன போடுவார்கள் என்று பேசிப் பேசி மாய்ந்தோம். இந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் குற்றாலம் வந்தோம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் அதைப் பேசித் தீர்ப்பதற்கே வந்தோம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வீட்டில் பெரியவர்கள் முன்னால் பேசினால் ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் அறிவுரை திரும்பி வரும். இங்கே ஆச்சி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியுமுன் சித்தி வந்து எங்களை எழுப்பினார். இரவில் மலையில் மழை ஓய்ந்து, ஐந்தருவியில் ஆட்களை விடுகிறார்களாம். இருட்டோடு போய்விட்டோம். ஐந்தருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் உண்டு. பெண்கள் பக்கம் அந்த நேரத்திலேயே நெருக்கியடித்த கூட்டம். நைட்டி மேல் துண்டு சுற்றியவர்கள், சுடிதாரை இறுக்கி முடிந்தவர்கள், புடவையைத் தூக்கிச் செருகிய பாட்டிகள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் அருவியில் பயன்படுத்தக் கூடாது என்பதால் கையில் ஒன்றும் இல்லாமல் நுழைந்தோம். தரை வழுக்கியது, கம்பியைப் பிடித்து ஓரமாக நகர்ந்தோம். முன்பின் தெரியாத ஓர் அம்மாள், "உள்ள வா பிள்ள, பயப்படாத" என்று என் மணிக்கட்டைப் பிடித்து, இருவருக்கிடையே இருந்த கையகல இடைவெளியில் என்னை நுழைத்துவிட்டார்.

முதலில் மூச்சு அடைத்தது. தண்ணீர் உச்சியில் விழுந்த வேகத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. காதில் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. "மண்டையக் குடுக்காதிய, முதுகக் குடுங்கட்டி!" என்று ஆச்சி வெளியிலிருந்து கத்தியதைக் குரலாகக் கேட்கவில்லை, கையைப் பின்னால் தட்டிக் காட்டியதிலிருந்தே புரிந்துகொண்டேன். குனிந்து தோளையும் முதுகையும் கொடுத்த பிறகு வலி மறைந்து உடம்பு லேசானது. பக்கத்தில் நீட்காரி நின்றிருந்தாள். அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. என்ன சொல்கிறாள் என்று நான் காதருகே கையை வைத்துக் கேட்க, அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டு, மறுபடியும் ஏதோ பேசினாள். என்னிடம் அல்ல என்று பிறகே விளங்கியது. வெளியே வந்து தலை துவட்டும்போது, கூந்தல் கிளிப்பும் காலில் கிடந்த ஒற்றைக் கொலுசும் போயிருந்ததைப் பொறியியல்காரி கண்டுபிடித்தாள். சுக்குக் காப்பிக் கடையில் நால்வருக்கும் பற்கள் தந்தியடித்தன. சூடான மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்திருந்ததே போதுமான சுகமாக இருந்தது.

அன்று ஜூன் 17. செங்கோட்டைக்குப் போனபோது வாஞ்சிநாதன் சிலையில் புது மாலைகள் கிடந்தன. 1911ஆம் ஆண்டு இதே நாளில்தான் அவர் மணியாச்சி சந்திப்பில் ஆட்சியர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் அதற்குமுன் வேலை பார்த்த புனலூர், நாங்கள் அன்று ஏறிய கொல்லம் பயணிகள் வண்டி போகும் வழியில்தான் இருக்கிறது. மலையைக் குடைந்து 1904இல் திறந்த இந்தப் பாதையில் மீட்டர் கேஜ் வண்டிகள் 2010 வரை ஓடின. அகலப்பாதையாக மாற்றி 2018இல் மீண்டும் முழுமையாகத் திறந்தார்கள். ஏற்றம் கடுமையாக இருப்பதால் பின்னால் இன்னொரு எஞ்சினைச் சேர்த்துத் தள்ளுகிறார்கள். தமிழ்நாட்டின் கடைசி நிலையமான பகவதிபுரத்தைத் தாண்டியதும் வண்டி நீண்ட குகைக்குள் நுழைந்தது. பெட்டி முழுவதும் கூச்சலிட்டது. எங்கள் கூச்சல் சற்று அதிகம். மறுமுனையில் வெளிவந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது, பச்சையின் நிறமே மாறியிருந்தது. வேளாண்மைக்காரி வாழ்நாளில் மாநில எல்லையைத் தாண்டுவது அதுவே முதல் முறை. கைப்பேசியில் கேரளம் வரவேற்கிறது என்று வந்த குறுஞ்செய்தியை அவள் அழிக்காமல் வைத்துக்கொண்டாள்.

கழுதுருட்டிக்கு அருகிலுள்ள பதிமூன்று கண் பாலத்தைப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம் என்று பொறியியல்காரி கிளம்பும்போதே அறிவித்திருந்தாள். ஆனால் வண்டி பாலத்தின் மேல் போகும்போது சன்னலிலிருந்து கீழே சாலையும் மரங்களும்தான் தெரிந்தன. தென்மலையில் இறங்கி, கட்டன் சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டு, மழை விடாததால் அணைப் பக்கம் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, தென்காசிக்கு வரும் கேரளப் பேருந்தில் ஏறினோம். சாலை பாலத்தை ஒட்டியே செல்வதால், கருங்கல் வளைவுகள் வரிசையாக நிற்பதைப் பேருந்திலிருந்து முழுமையாகப் பார்க்க முடிந்தது. இந்தப் பாலத்துக்காகவே போகிறவர்கள் போகும்போது ரயிலிலும் வரும்போது பேருந்திலுமாகப் பயணம் செய்வது நல்லது.

நீட்காரி என் பக்கத்து இருக்கையில் இருந்தாள். ஆரியங்காவு தாண்டிக் கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலருகே பேருந்து மெதுவாகியபோது, "இன்னொரு வருசம் எழுதப் போறேன். வீட்டுல இன்னும் சொல்லல" என்றாள். அவள் ஒரு வருடம் பின்தங்கிவிடுவாள், நாங்கள் மூவரும் முன்னால் போய்விடுவோம் என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டிருந்தது. எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எழுது என்று மட்டும் சொன்னேன். முன்னிருக்கையில் இருந்த ஆச்சி திரும்பிப் பார்க்காமலேயே, "உங்கப்பன்கிட்ட நான் பேசுதேன்" என்றார். அவர் தூங்குகிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எல்லை நகர்ந்து மலைமேல் போய்விட்டாலும், செங்கோட்டையை அடுத்த பிரானூரில் புரோட்டாக் கடைகளுக்குப் 'பார்டர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. கையளவு சின்னப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றிக் கொடுத்தார்கள். சைவமான ஆச்சி கடைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிவந்த புளியோதரையைப் பிரித்தார். எத்தனை தின்றோம் என்பதை எழுதினால் எங்கள் வீடுகளில் நம்ப மாட்டார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தரவரிசை வந்தது, கலந்தாய்வு வந்தது. பொறியியல்காரி சென்னைக்குப் போனாள். வேளாண்மைக்காரியின் வீட்டார் கிள்ளிகுளத்துக்காக நேர்ந்த கடனைச் செலுத்தினார்கள். அவள் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. நீட்காரி நாமக்கல்லில் பயிற்சி மையத்து விடுதியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கைப்பேசி கைக்கு வருகிறது. தீபாவளிக்கு நால்வரும் ஊரில் இருந்தும், அவளுக்குக் கிடைத்த விடுப்பு குறைவு என்பதால் குற்றாலப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த ஜூனில் போகலாம் என்றால், செமஸ்டர் தேர்வு யாருக்கு எப்போது முடியும் என்று நால்வரின் நாட்காட்டிகளையும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆச்சி மட்டும் எதையும் பார்க்காமல், சீசன் தொடங்கியதும் தகவல் சொல்லும்படி மேலகரத்துக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.