மாரியோவின் 400: பழைய ரீவி கேம் ஒன்றை எழுப்பிய குறிப்பு

வெள்ளையும் சிவப்புமான பெட்டி, மேலே 60 பின் கசட் வாய், இரண்டு ஜோய்ஸ்ரிக், ஒரு துப்பாக்கி, "9999999 இன் 1" என்று தாள் ஒட்டிய மஞ்சள் கசட். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரைக்கும் இந்தக் கரையில் 90களில் வளர்ந்தவர்களிடம் "ரீவி கேம்" என்றால் இதைத்தான் நினைப்பார்கள். நின்ரெண்டோ 1983இல் ஜப்பானில் விட்ட ஃபமிகொமின் நகல் இது. பெட்டியில் எங்கு தேடினாலும் நின்ரெண்டோவின் பெயர் இருக்காது. கசட்டில் போட்டிருக்கும் எண்ணும் சும்மாதான். எண்ணிப் பார்த்ததில் உள்ளே இருந்தது 7 விளையாட்டு. மற்றதெல்லாம் அந்த ஏழையே வேறு வேறு கட்டத்தில் தொடங்கி வைத்த கணக்கு.

படம் வந்தால் போதும் என்றால் இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. கைபேசியில் இந்தப் பெட்டியைப்போல நடிக்கும் மென்பொருளான எமுலேற்றர் ஒன்றைப் போட்டால் பத்து நிமிடத்தில் மாரியோ குதிப்பான். ஆனால் இந்தப் பெட்டியில் பழகிய எவரிடமாவது அதைக் கொடுத்துப் பாருங்கள். முதல் குழியிலேயே விழுந்துவிட்டு "இது என்ன, பேய் ஓட்டம் ஓடுறான்" என்பார். அவர் பெருவிரல் பழகிய வேகம் வேறு. அந்த வேகத்தையும் பட்டனின் அழுத்தத்தையும் திரும்பக் கொண்டுவருவதுதான் இந்த வேலையின் இலக்கு.

முதலில் கரன்ட். அடப்டரில் 9 வோல்ட் என்று அடித்திருந்தது, மல்ரிமீற்றர் 13.4 காட்டியது. பதற வேண்டாம். இது பாரமான பழைய ட்ரான்ஸ்போமர் வகை. சுமை இல்லாதபோது வோல்ட் ஏறித்தான் நிற்கும். பெட்டியைச் சாகடிக்கக்கூடியது வேறொன்று: பிளக்கின் நடுமுனை பிளஸா, மைனஸா? அசல் ஃபமிகொமுக்கு நடு மைனஸ். நகல்களில் இரண்டும் உண்டு. இப்போது கடையில் கிடைக்கும் அடப்டர்கள் பெரும்பாலும் நடு பிளஸ். ஊகித்துச் செருகாமல் பெட்டியைத் திறந்து, அலுமினியத் தகட்டில் பூட்டிய 7805 என்ற மூன்று கால் உறுப்பைத் தேடுங்கள். எழுத்து உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடது கால் உள்ளே வரும் கரன்ட், நடு எர்த், வலது 5 வோல்ட் வெளியீடு. மீற்றரை 'பீப்' நிலையில் வைத்து ஒரு முனையை 7805இன் நடுக்காலிலும் மற்றதைப் பெட்டியின் கரன்ட் துளைக்குள் நிற்கும் ஊசியிலும் தொட வேண்டும். பீப் அடித்தால் நடு மைனஸ். இந்தப் பெட்டி அடித்தது.

9 வோல்ட், 500 மில்லி அம்பியர் அடப்டர் தாராளம். 12 வோல்ட் கொடுத்தாலும் ஓடும். ஆனால் 5 வோல்ட்டுக்கு மேலே உள்ள மிச்சம் முழுவதும் 7805இல் சூடாகத்தான் போகும். ஒரு மணி நேரத்தில் தகட்டில் கை வைக்க முடியாது.

இங்கே வெளியீடு 4.98 வோல்ட், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் படத்தில் இரண்டு கருநிழல் பட்டிகள் மெதுவாக மேலே ஊர்ந்தன. வீட்டுக் கரன்ட் 50 ஹேர்ட்ஸ். அடப்டருக்குள் அது நேராக்கப்படும்போது 100 ஹேர்ட்ஸ் அலையாகும். கெப்பாசிற்றர் காய்ந்துபோனால் அந்த அலையை விழுங்க முடியாது. படம் விநாடிக்கு 50 முறை வருவதால் ஒரு படத்துக்கு இரண்டு பட்டி விழும், இரண்டு தாளமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் பட்டி ஓடாமல் ஊரும். பட்டி விறுவிறென்று ஓடினால் பெட்டி 60 ஹேர்ட்ஸ் வகையோ என்று சந்தேகிக்கலாம். 7805க்கு முன்னால் இருந்த 470 மைக்ரோ கெப்பாசிற்றரைக் கழற்றி 1000 மைக்ரோ, 25 வோல்ட் ஒன்றைப் போட்டதும் பட்டி போய்விட்டது. மைனஸ் கோடு மைனஸ் பக்கத்தில்தானா என்று இருமுறை பாருங்கள். மாறிப் போட்டால் வெடிக்கும்.

அடுத்தது கசட் வாய். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவே ஒரு மணல் கீலம். இந்தக் கரையில் செம்பு பச்சை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். சாம்பல் திரை, சதுரம் சதுரமாகக் குப்பை, பாட்டு மட்டும் கேட்பது: மூன்றுக்கும் முதற் சந்தேகம் பின்கள்தான். எல்லாரும் செய்த வைத்தியம் கசட்டை வாயால் ஊதுவது. ஊதிப் போட்டால் ஓடியது உண்மை. ஆனால் கழற்றித் திரும்பப் போட்டதாலேயே ஓடியிருக்கும். ஊதிய மூச்சின் ஈரம் பச்சையைத்தான் வளர்த்தது. கசட்டின் பின் வரிசையை அழிறப்பரால் நீளவாக்கில் தேய்த்து, தூளைத் துடைத்து, ஸ்பிரிட் நனைத்த காது பஞ்சுக் குச்சியால் கறுப்பு வராத வரைக்கும் துடைக்க வேண்டும். பார்மசியில் விற்கும் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும் என்பதால் அரை மணி நேரம் காய விடுங்கள். மண்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும். பெட்டியின் வாய்க்குக் காலாவதியான வங்கி அட்டை ஒன்றை எடுத்து, மெல்லிய பருத்தித் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, ஸ்பிரிட் தொட்டு, பத்துத் தடவை நேராக இறக்கி ஏற்றினால் போதும். ஆட்டி அசைத்தால் உள்ளே இருக்கும் தகடு வளையும்.

இதற்குப் பிறகு பட்டியல் திரை வந்தது. மாரியோவைத் தெரிவு செய்ததும் இந்தக் குறிப்பின் தலைப்புக்குக் காரணமான சோதனை.

மாரியோவின் முதற் கட்டத்தில் மேல் வலது மூலையில் நேரம் 400இல் தொடங்கிக் குறையும். அது விநாடி அல்ல. ஏறக்குறைய 24 படத்துக்கு ஓர் எண் குறையும். விநாடிக்கு 60 படம் காட்டும் ஜப்பான் அசலில் 100 எண் குறைய 40 விநாடி. 50 படம் காட்டும் பெட்டியில் 48 விநாடி. மாரியோவை அசைக்காமல் நிறுத்திவிட்டு கைபேசியின் ஸ்டொப் வோச்சை அழுத்துங்கள். திரையை நகர்த்தாதவரை எதிரி யாரும் வரமாட்டான். இந்தப் பெட்டி எடுத்தது 48. முழு 400க்கும் அசலில் 160 விநாடி, நம்மூர்ப் பெட்டியில் 192. அந்த எமுலேற்றர் மாரியோ பேய் ஓட்டம் ஓடியதன் மர்மம் இவ்வளவுதான்: அவன் சரியான வேகத்தில் ஓடினான், நாம் பழகியது ஆறில் ஒரு பங்கு மெதுவான மாரியோவை.

பெட்டி திறந்திருந்தால் பெட்டியின் வேகத்துக்குத் தாளம் போடும் வெள்ளித் தகரக் கிறிஸ்டலில் உள்ள எண்ணையும் பார்க்கலாம். 26.601 என்றால் 50 படம், 21.477 என்றால் 60 படம். இந்த 50 வகை நகல்களில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு நின்ரெண்டோ விட்ட அசல் பெட்டியில் செயலி 1.66 மெகாஹேர்ட்ஸாக இறங்கிவிடும். நகல் செய்தவர்கள் அதே கிறிஸ்டலை 16க்குப் பதில் 15ஆல் பிரித்து 1.77இல் ஓட்டினார்கள், ஜப்பான் அசல் 1.79. ஒலியின் சுருதி செயலியின் வேகத்தைப் பொறுத்தது, பாட்டின் தாளம் படத்தின் வேகத்தைப் பொறுத்தது. அதனால் நம் காதில் இருக்கும் மாரியோப் பாட்டு ஏறக்குறைய அதே சுருதி, ஆனால் நடை தளர்ந்த பாட்டு. அசலைக் கேட்டால் அவசரப்படுவதுபோல இருக்கும்.

கணினியில் விளையாடுபவர்களுக்கும் இது உதவும். மேசன், எஃப்சியூஎக்ஸ் போன்ற எமுலேற்றர்களில் பிராந்தியத்தை 'டென்டி' என்று மாற்றுங்கள். டென்டி என்பது 1992இல் ரஷ்யாவில் விற்பனைக்கு வந்த, இதே குடும்பத்து நகல். மொனிற்றரையும் 50 ஹேர்ட்ஸுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். 60இலேயே விட்டால் ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு முறை காட்டப்பட்டு, திரை நகரும்போது விக்கும்.

இனி ஜோய்ஸ்ரிக். அதிக நேரம் தின்றது இதுதான். ஒன்றில் வலது அம்பு வேலை செய்யவில்லை, மற்றது முழுக்கச் செத்திருந்தது.

செத்ததற்குக் காரணம் வயர். உள்ளே ஐந்தே கம்பி: 5 வோல்ட், எர்த், மற்றும் லாட்ச், குளொக், டேற்றா. பெட்டி 'இப்போது பார்' என்று லாட்சில் ஒரு தட்டுத் தட்டும். பிறகு குளொக்கின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பட்டனின் நிலை டேற்றாவில் வரிசையாக வரும்: ஏ, பி, செலக்ட், ஸ்ரார்ட், மேல், கீழ், இடம், வலம். எட்டுப் பட்டனுக்கும் ஒரே பாதை என்பதால் டேற்றாக் கம்பி அறுந்தால் எட்டும் ஒன்றாகப் போகும். ஒரு பட்டன் மட்டும் போனால் வயரைத் தேடிப் பயனில்லை, அது பட்டனுக்குக் கீழே இருக்கும் றப்பர். நகல்களில் கம்பி நிறங்களை நம்ப வேண்டாம். பிளக் முனைக்கும் உள்ளே ஒட்டிய இடத்துக்கும் பீப் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள், பார்க்கும்போது வயரை அசைத்துக்கொண்டே இருங்கள். அறுந்த இடம் எப்போதும்போலக் கைப்பிடிக்குள் வயர் நுழையும் கழுத்து. அதில் 5 சென்ரிமீற்றரை வெட்டி எறிந்து, கம்பிகளைச் சீவி, ஈயம் வைத்து, அதே புள்ளிகளில் திரும்ப ஒட்டினால் முடிந்தது. வெட்டுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

வலது அம்பின் றப்பருக்கு அடியில் உள்ள, கரன்ட் கடத்தும் கறுப்புக் கரிப் பொட்டில் மீற்றரின் இரு முனையையும் சில மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்தால் 4600 ஓம். மற்றவை 200க்குள். ஸ்பிரிட் தொட்டு ஒருமுறை துடைத்ததும் 900க்கு இறங்கியது. அழுத்தித் தேய்த்தால் கரியே கழன்றுவிடும். 2பி பென்சில் தீட்டுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும். சிகரட் பெட்டி ஈயத்தாளை ஒட்டுவது முதல் நாள் அருமையாக இருக்கும், பிறகு தாள் சுருங்கிப் பட்டன் தானே அமுங்கி நிற்கும். நிலைத்தது, கைவிட்ட ரீவி றிமோட்டின் றப்பரிலிருந்து வெட்டிய கரிப் பொட்டு. அதைச் சுப்பர் குளூவால் ஒட்ட முடியாது, சிலிக்கன் றப்பரில் அது பிடிக்காது. சிலிக்கன் பசையை ஊசி முனையளவு வைத்து 24 மணி நேரம் திறந்தபடி காய விடுங்கள். வினாகிரி மணக்கும் பசையென்றால் மணம் போகும்வரை மூட வேண்டாம், அந்த ஆவி செம்பை அரிக்கும். இன்னொன்று: பழைய பொட்டின் மேலேயே புதியதை ஒட்டினால் உயரம் கூடிப் பட்டனின் அசைவு குறையும். பழையதை பிளேட்டால் சீவிவிட்டு ஒட்டியதும்தான் 'பொசுக்' என்று அமுங்கி மீளும் அந்தப் பழைய உணர்வு வந்தது.

கடைசியாக ரீவி. புதிய தட்டை ரீவியில் படத்துக்கான மஞ்சள் பிளக்கையும் ஒலிக்கான வெள்ளையையும் செருகினால் படம் வரும், ஆனால் ரீவி படத்தைப் பெரிதாக்கி மெருகேற்ற நேரம் எடுக்கும். எவ்வளவு என்று பார்க்க கைபேசியை விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் வைத்து, பெருவிரலும் திரையும் ஒன்றாகத் தெரிய எடுங்கள். பட்டன் அமுங்கியதிலிருந்து மாரியோவின் கால் எழும்வரை எண்ணினால், ஒரு படம் 4.2 மில்லி விநாடி. குழாய் ரீவியில் 9 படம் வந்தது, தட்டை ரீவியில் 31. 'கேம் மோட்' போட்டதும் 19. குழிக்கு முன்னால் எப்போது அழுத்த வேண்டும் என்று விரல் தானாக அறிந்து வைத்திருந்த இடம், அந்த வித்தியாசத்தில் குழிக்குள் போய்விடுகிறது.

துப்பாக்கிக்கு மாற்று வழியே இல்லை, குழாய் ரீவிதான். வாத்துச் சுடும் விளையாட்டில் விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுக்கும், அடுத்து வாத்து நின்ற இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம். கறுப்புக்குப் பிறகு வெளிச்சத்தைக் கண்டால்தான் சூடு பட்டதாகக் கணக்கு. மின்குமிழைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாமல் போனது அதனால்தான். அந்த வெளிச்சமும் குழாய் ரீவி வரி வரியாகக் கீறும் தாளத்தில் துடிக்க வேண்டும். தட்டை ரீவியில் அந்தத் துடிப்பும் இல்லை, நேரமும் பிந்துகிறது. குழாய் ரீவியின் முதுகை மட்டும் திறந்துவிடாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் குழாயில் ஆளைத் தூக்கி எறியும் கரன்ட் நிற்கும்.

சோதனை ஓட்டத்துக்கு நல்லது 'பேற்றில் சிற்றி', 1985இல் நம்கோ விட்ட டாங்கி விளையாட்டு. இரண்டு ஜோய்ஸ்ரிக்கும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும், எட்டுத் திசையும் அல்ல, நாலே திசை. வலது அம்பு தவறினால் உடனே தெரியும். கட்டத்துக்கு 20 எதிரி டாங்கி, நாம் காக்கும் கழுகுச் சின்னத்தில் சூடு பட்டால் ஆட்டம் முடிந்தது. சகாவைச் சுட்டால் அவன் சாக மாட்டான், கொஞ்ச நேரம் விறைத்து நிற்பான், அதற்குள் எதிரி உள்ளே வந்துவிடுவான். "மச்சான், நீ கழுகுக்கிட்ட நில்லு, நான் மேலே போறன்" என்று இடம் பிரிப்பதும், காவலுக்கு நின்றவனே தவறிக் கழுகைச் சுட்டு ஆட்டத்தை முடித்துவிட்டு வாங்கிக் கட்டுவதும் இந்த விளையாட்டின் பாதி. அந்தப் பாதியை எமுலேற்றரில் தனியாக உட்கார்ந்து எடுக்க முடியாது. செங்கல்லும் தண்ணீரும் வைத்து நாமே கட்டம் கட்டும் பகுதியும் இதில் உண்டு. ஆனால் கசட்டில் பற்றரி இல்லை, பெட்டியின் நினைவகம் 2 கிலோபைட். கரன்ட் போனால் கட்டியது போச்சு. கொப்பியில் 13க்கு 13 கட்டம் கீறி வரைந்து வைத்துக்கொள்வது இப்போதும் ஒரே வழி.

மாரி தொடங்க முன்னம் மூடி இறுகும் பிஸ்கட் ரின்னில் கசட்டையும் ஜோய்ஸ்ரிக்கையும் வைத்து, சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா பைகள் நாலைந்தைப் போடுங்கள். அரிசி வேண்டாம், தூசி பின்னுக்குள் இறங்கும். ஜோய்ஸ்ரிக் வயரைக் கைப்பிடியைச் சுற்றி இறுக்காமல் அகலமான வளையமாக விடுங்கள். இறுக்கினால் அந்த ஐந்து கம்பியில் ஒன்று அதே கழுத்தில்தான் மறுபடி அறும்.