செம்பவாங் சாலைக்குப் பெயர் தந்த மரம்

சிங்கப்பூர் போகிறவர்கள் மரினா பே, லிட்டில் இந்தியா என்று கிளம்புவார்கள். நான் தீவின் வடகோடிக்குப் போனேன், ஒரு மரத்தைப் பார்க்க.

செம்பவாங் சாலை வடக்கே போய்க் கடலில் முடிகிறது. அந்த முனையில் இருக்கிற செம்பவாங் பூங்காவில்தான் சாலைக்குப் பெயர் கொடுத்த செம்பவாங் மரம் நிற்கிறது. நான் போனபோது பூ இல்லை, தளிர் விட்டிருந்தது. இளஞ்சிவப்பில் துவண்டு தொங்கும் தளிர்கள். அவற்றுக்குப் பக்கத்திலேயே முற்றிய இலைகள் கரும்பச்சையாக, விறைப்பாக. ஒரே கிளையில் இரண்டு மரங்களைப் பார்ப்பது போல இருந்தது. பூத்தால் வெள்ளை இதழ், நடுவே கொத்தாக மஞ்சள் மகரந்தத் தாள்கள். நாட்டு மருந்துக் கடையில் சிறுநாகப்பூ என்று உலர்ந்த மொட்டு தருவார்களே, அந்த மரத்துக்கு இது நெருங்கிய சொந்தம். ஆற்றோரங்களிலும் நன்னீர்ச் சதுப்புக் காடுகளிலும் தானாக வளர்வது.

ஒரு காலத்தில் இந்தப் பகுதி முழுக்க ரப்பர், அன்னாசித் தோட்டங்கள்தான். சாலைக்கும் அப்போது செலேத்தார் சாலை என்று பெயர். அப்புறம் ஆங்கிலேயர் கடற்படைத் தளம் கட்டினார்கள். 1938இல் பெரிய கப்பல் பழுதுபார்க்கும் துறையும் திறந்தது. தளத்துக்குள் போட்ட சாலைகளுக்குக் கான்பரா, வெலிங்டன், ஒட்டாவா, டர்பன் என்று பேரரசின் ஊர்களையே பெயராக வைத்தார்கள். அத்தனைக்கும் நடுவே பிரதான சாலை மட்டும் இந்த மண்ணின் மரத்துடைய பெயரோடு இருப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நம்மவர்களுக்கும் இங்கே ஒரு மரம் உண்டு. கடற்படைத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் கான்பரா சாலைப் பக்கம் ஒரு மரத்தடியில் முருகனை வைத்துக் கும்பிடத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைய புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம். கோயில் இப்போது ஈசூனில் இருக்கிறது, பங்குனி உத்திரத்துக்குக் காவடிகள் புறப்படும்.

திரும்பும் வழியெல்லாம் பேருந்து ஜன்னலில் தேடிக்கொண்டே வந்தேன். சாலையோரம் என் கண்ணில் பட்டவை பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மரம் நல்ல நிழல் தரும், சரிதான். ஆனால் செம்பவாங் சாலையில் செம்பவாங் மரங்களை நெடுக நட்டால் என்ன? அங்கே வளர்கிற பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெயரைப் பூவாகவே பார்ப்பார்களே.

போக நினைப்பவர்கள் செம்பவாங் ரயில் நிலையத்தில் இறங்கி, பக்கத்துப் பேருந்து நிலையத்தில் 882 ஏறுங்கள். கடற்கரைக்கு ஓடுவதற்கு முன் மரத்தைப் பார்த்துவிடுங்கள்.